கரும்பு ஏற்றிவரும் லாரிக்குக் கரும்புச் சாராயம் ஏன் ஆகாது?

பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டம், எறையூரில் பொதுத்துறைச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் ஆலை வாசலில் டிராக்டர்களும் லாரிகளும் கரும்புக் கட்டுகளோடு வரிசை பிடித்து நிற்கும். அங்கிருந்து திருச்சி–சென்னை நெடுஞ்சாலைக்கு வந்து ஏதாவது ஒரு பங்கில் வண்டியை நிறுத்தினால், பெட்ரோல் குழாயில் ‘இ20’ என்று ஒட்டியிருக்கும். நூறு பங்கில் இருபது பங்கு எத்தனால் என்று பொருள். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் காய்ச்சி எடுத்த சாராயம்தான் அது.

பக்கத்திலேயே டீசல் குழாய். அதில் அப்படி எந்த ஒட்டும் கிடையாது.

பங்கில் காத்து நிற்கும் எவருக்கும் இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வரும். கரும்பிலிருந்து எடுத்த எரிபொருளில் பைக் ஓடுகிறது. அந்தக் கரும்பையே சுமந்துவரும் லாரி ஏன் ஓடவில்லை? இத்தனைக்கும் எண்ணெயை மொத்தமாகக் குடிப்பது லாரிதான். பெட்ரோலில் 20 சதவீதத்தை எட்டிவிட்ட நாட்டுக்கு டீசலில் ஒரு சதவீதம்கூட ஏன் கைகூடவில்லை?

விடை மூன்று இடங்களில் கிடக்கிறது: இயந்திரத்துக்குள், நிலத்தில், சுத்திகரிப்பு ஆலையின் கோபுரத்தில்.

பொறி இல்லாமல் பற்றும் நெருப்பு

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், நாலு தடவை அழுத்தினால் பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும். டீசல் இயந்திரம் இந்த ஒரே உண்மையின் மேல் கட்டப்பட்டது. சிலிண்டருக்குள் காற்றை மட்டும் இழுத்து, அதைப் பதினாறு, பதினெட்டு மடங்கு சுருக்குகிறது. காற்றின் சூடு 500 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. அந்தக் கணத்தில் டீசலை மெல்லிய தூறலாகப் பீச்சினால் அது தானாகப் பற்றிக்கொள்ளும். தீப்பொறி தரும் பிளக் லாரி இயந்திரத்தில் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

பெட்ரோல் இயந்திரத்தின் போக்கு நேர் எதிர். அதில் எரிபொருளும் காற்றும் சேர்ந்தே நெருக்கப்படும். பொறி தட்டும்வரை கலவை பொறுமையாக இருக்க வேண்டும். முந்திக்கொண்டு பற்றினால் இயந்திரம் ‘டொக் டொக்’கென்று இடிக்கும். ஆக, பெட்ரோலுக்கு வேண்டிய குணம் பொறுமை. டீசலுக்கு வேண்டிய குணம் அவசரம்.

அந்த அவசரத்தை அளக்க ஓர் எண் உண்டு. அதைத் ‘தன்பற்று எண்’ என்று இங்கே அழைப்போம். பொறியாளர்கள் சீட்டேன் எண் என்பார்கள். இந்தியாவில் இன்று விற்கப்படும் பிஎஸ்-6 டீசலுக்கு அது குறைந்தது 51 இருக்க வேண்டும். எத்தனாலுக்கு எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 8. டீசல் 200 டிகிரியைச் சற்றுத் தாண்டியதுமே தானாகப் பற்றக்கூடியது; எத்தனாலுக்கு 360 டிகிரிக்கு மேல் வேண்டும். பெட்ரோல் இயந்திரத்தில் எத்தனாலைச் சிறந்த கூட்டாளியாக்கும் அதே பொறுமை, டீசல் இயந்திரத்தில் அதை உதவாக்கரை ஆக்கிவிடுகிறது.

சேர்ந்தும் சேராமலும்

‘எண் குறைந்தால் என்ன, கொஞ்சமாகக் கலந்தால் போயிற்று’ என்று தோன்றும். அதையும் பார்த்தாயிற்று. எத்தனாலும் டீசலும் கலப்பது போலத்தான் கலக்கும். ஆனால் எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். சிறிது நீர் சேர்ந்தாலும் போதும்; தொட்டியில் எத்தனால் தனியாக, டீசல் தனியாகப் பிரிந்துவிடும். ஒரு கணம் டீசலும் மறுகணம் வெறும் சாராயமும் போனால் இயந்திரம் என்ன செய்யும்?

இன்னொரு தொல்லை அதிகம் பேசப்படுவதில்லை. மூடிய டீசல் டேங்கின் மேற்பகுதியில் நிற்கும் ஆவி மிகவும் நீர்த்தது. நெருப்பு பட்டாலும் பொதுவாகப் பற்றாது. பெட்ரோல் டேங்கிலோ ஆவி அடர்ந்து கிடப்பதால், எரியப் போதிய காற்று அதற்குள் இருக்காது. எத்தனாலின் ஆவி இரண்டுக்கும் நடுவே, நம் ஊர் வெயிலில் எரிவதற்கு வாகான அளவில் நிற்கிறது. எத்தனால் 13 டிகிரியிலேயே எரியக்கூடிய ஆவியை விடத் தொடங்கும் திரவம். பிஎஸ்-6 டீசலுக்கு அந்த எல்லை குறைந்தது 35 டிகிரி. டீசலை ஓரளவு அசட்டையாகக் கையாண்டு பழகிய லாரித் தொழிலில் இந்த வேறுபாடு சின்ன விஷயம் இல்லை.

முடியவே முடியாதா என்றால், முடியும். இயந்திரத்தையே மாற்ற வேண்டும். ஸ்வீடனின் ஸ்கேனியா நிறுவனம் 95 சதவீத எத்தனாலில் ஓடும் பஸ்களைச் செய்தது. காற்றை 28 மடங்கு நெருக்கும் இயந்திரம், பற்றுவதை ஊக்குவிக்க ஒரு வேதிச் சேர்க்கை. ஸ்டாக்ஹோமில் அவை பல்லாண்டுகள் ஓடின. 2014இல் நாக்பூருக்கும் அப்படியொரு பஸ் வந்தது. அங்கே அது வேரூன்றவில்லை.

டீசலில் எத்தனால் கலக்கும் முயற்சி வெற்றி பெறவில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியே சொன்னார். அடுத்து ஐசோபியூட்டனால் என்ற, டீசலோடு இன்னும் இணக்கமான சாராய வகை சோதனையில் இருக்கிறது. அதையும் கரும்பிலிருந்தே எடுக்கலாம். ஆனால் எந்தச் சாராயமானாலும் அது நிலத்திலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கணக்குதான் உண்மையில் கழுத்தைப் பிடிப்பது.

ஒரு நடைக்கு எத்தனை சென்ட்?

பக்கத்து மாவட்டமான அரியலூரில் 500 மூட்டை சிமெண்ட், அதாவது 25 டன், ஏற்றிக்கொண்டு பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று சென்னைக்குக் கிளம்புகிறது. தூரத்தைச் சுமார் 300 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். திரும்பி வருவதையும் சேர்த்து 600. லோடோடும் காலியாகவும் சராசரி மைலேஜ் லிட்டருக்கு 4 கி.மீ. என்றால் ஒரு நடைக்கு 150 லிட்டர் டீசல்.

ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் ஆற்றல் சுமார் 36 பங்கு என்றால் ஒரு லிட்டர் எத்தனாலில் 21 பங்குதான். ஆகவே 150 லிட்டர் டீசல் செய்யும் வேலைக்குச் சுமார் 257 லிட்டர் எத்தனால் வேண்டும். இயந்திரத் தடைகள் அத்தனையும் தீர்ந்துவிட்டதாகவே கொள்வோம். இந்த 257 லிட்டர் எங்கிருந்து வரும்?

வழி இரண்டு. முதல் வழியில் கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்த பிறகு எஞ்சும் கழிவுப்பாகை, ஆலைக்காரர்கள் மொலாசஸ் என்பதை, நொதிக்க வைத்துக் காய்ச்சுவது. ஒரு டன் கரும்புக்கு இதில் ஏறத்தாழ 11 லிட்டர் எத்தனால் தேறும். அப்படியென்றால் ஒரு நடைக்கு 23 டன்னுக்கு மேல் கரும்பு. ஏக்கருக்கு 40 டன் என்ற நல்ல விளைச்சலிலும் அரை ஏக்கரைத் தாண்டுகிறது. சர்க்கரையும் கிடைத்துவிடுவதால் இதை வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் எத்தனாலின் அளவு, எடுக்கும் சர்க்கரைக்குக் கட்டுப்பட்டது.

இரண்டாவது வழி, சர்க்கரையே எடுக்காமல் கரும்புச் சாறு முழுவதையும் எத்தனாலாக்குவது. அப்போது டன்னுக்குச் சுமார் 70 லிட்டர். ஒரு நடைக்கு மூன்றே முக்கால் டன்னுக்குள் கரும்பு போதும். நிலக்கணக்கில் 9 சென்ட். கேட்பதற்குக் குறைவாகத் தெரியும். ஆண்டுக்கு நூறு நடை ஓடும் லாரிக்கு இது 9 ஏக்கர். ஒரே ஒரு லாரிக்கு, ஆண்டு முழுக்க, நன்செய் நிலம் 9 ஏக்கர். அதிலிருந்து ஒரு கரண்டி சர்க்கரை கிடையாது.

இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். எறையூர் ஆலையின் அரவைத் திறன் நாளொன்றுக்கு 3,000 டன். முழுத் திறனில் ஓடும் நாளில் அதன் மொலாசஸ் அத்தனையும் எத்தனாலானால் 33,000 லிட்டர்; 128 நடை. அந்த 128 லாரிகளும் சேர்ந்து சுமப்பது 3,200 டன் சிமெண்ட். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் செய்யும் நடுத்தர ஆலை ஒன்று நாளுக்குச் சராசரியாக 2,700 டன் வெளியே அனுப்பியாக வேண்டும். ஆக, ஒரு சர்க்கரை ஆலையின் சுற்றுவட்டாரக் கரும்பு மொத்தமும் சேர்ந்தால் ஒரு சிமெண்ட் ஆலையின் மூட்டைகளைச் சென்னைக்குக் கொண்டுபோகலாம். அதுவும் அரவை நடக்கும் மாதங்களில் மட்டும். அரியலூர் மாவட்டத்தில் இருப்பது ஒரு சிமெண்ட் ஆலை இல்லை. அரசின் டான்செம், டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு என்று பட்டியல் நீளும்.

தண்ணீர் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. பெரம்பலூரின் ஆண்டு மழை 90 சென்டிமீட்டரைத் தொடுவதே பாடு. கரும்புக்கு அதைப்போல் இரு மடங்கு நீர் வேண்டும். அதனால்தான் இம்மாவட்டத்து விவசாயி பெரும்பாலும் மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறார். செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம்.

மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கலாமே? எடுக்கிறார்கள். ஒரு டன்னுக்கு 370, 380 லிட்டர் கிடைக்கிறது. நாட்டின் எத்தனாலில் இன்று கரும்பை முந்தி நிற்பதே மக்காச்சோளம்தான். அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. முன்பு மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த இந்தியா 2024இல் நிகர இறக்குமதி நாடானது. நாமக்கல்லில் கோழித் தீவன விலை ஏறியது. லாரிக்கும் முட்டைக்கும் ஒருசேரப் பேர்போன ஊர் நாமக்கல். லாரியின் எரிபொருளும் கோழியின் இரையும் ஒரே தானியத்துக்குப் போட்டி போடும் நாள் வந்தால் அந்த ஊர் எந்தப் பக்கம் நிற்கும் என்று பார்க்க வேண்டும்.

கோபுரத்துக்குள் பங்கு பிரியும் விதம்

இனி எண்ணெய்ப் பக்கம். பெட்ரோலுக்கென்று ஒரு கிணறு, டீசலுக்கென்று ஒரு கிணறு கிடையாது. நிலத்திலிருந்து வரும் கச்சா எண்ணெய் நூற்றுக்கணக்கான பொருள்களின் கலவை. மணலியில் 1969 முதல் ஓடும் சுத்திகரிப்பு ஆலையில் (அன்று மெட்ராஸ் ரிஃபைனரீஸ், இன்று சிபிசிஎல்) அதைக் காய்ச்சி உயரமான கோபுரத்துக்குள் அனுப்புகிறார்கள். எளிதில் ஆவியாகும் சமையல் வாயு உச்சியில் பிரிகிறது. 200 டிகிரிக்குள் கொதிக்கும் பகுதி பெட்ரோலாகும். அதற்குக் கீழே மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும். ஏறத்தாழ 180 முதல் 360 டிகிரிவரை டீசல். அடியில் தங்குவது தார். அதையும் விடாமல் மேலும் வாட்டிப் பிளந்தால் கடைசியில் பெட்கோக் என்ற கரிக்கட்டி மிஞ்சும்.

அந்தப் பெட்கோக்கை அதிகம் வாங்குவோரில் சிமெண்ட் ஆலைகள் முன்வரிசையில் நிற்கின்றன. கச்சா எண்ணெயின் நடுப்பகுதி லாரியில் எரிந்து சிமெண்டைச் சுமக்கிறது. அதன் அடிப்பகுதி சூளையில் எரிந்து சிமெண்டைச் சுடுகிறது. சிமெண்ட் மூட்டைக்குள் எண்ணெய் இரு முறை புகுந்திருக்கிறது.

இந்தியச் சுத்திகரிப்பு ஆலைகள் 2023–24இல் சுமார் 26 கோடி டன் கச்சா எண்ணெயைப் பதப்படுத்தின. அதில் டீசல் சுமார் பதினொன்றரைக் கோடி டன், பெட்ரோல் நாலரைக் கோடி டன். உள்நாட்டில் செலவானது டீசல் சுமார் 9 கோடி, பெட்ரோல் 3.7 கோடி. மீதி கப்பலேறி வெளிநாடு போயிற்று. கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் இறக்குமதி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் எத்தனால் கணக்கில் ஒரு சிக்கல். கோபுரத்தில் பெட்ரோலை மட்டும் குறைத்துக் காய்ச்ச முடியாது. பங்குகளைக் கொஞ்சம் முன்பின்னாக நகர்த்தலாம், அவ்வளவுதான். டீசலுக்குத் தேவை இருக்கும்வரை கச்சா எண்ணெய் காய்ச்சித்தான் ஆக வேண்டும். காய்ச்சினால் பெட்ரோலும் கூடவே வரும். பைக்குகள் எத்தனாலுக்கு மாறிய அளவுக்கு மிச்சமாகும் பெட்ரோலை ஏற்றுமதி செய்யலாம். அந்நியச் செலாவணி வரும், அது லாபமே. ஆனால் எத்தனை கப்பல் கச்சா எண்ணெய் துறைமுகத்துக்கு வர வேண்டும் என்பதை முடிவு செய்வதில் பைக்கைவிட லாரிக்கு அதிகப் பங்கு.

அளவை ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். நாடு முழுவதும் 2024–25 பருவத்தில் திரட்டிய எத்தனால் சுமார் ஆயிரம் கோடி லிட்டர். பெரிய சாதனைதான், பத்தாண்டுகளுக்கு முன் இருந்தது பெட்ரோலில் ஒன்றரை சதவீதக் கலப்பு. ஆனால் அந்த ஆயிரம் கோடி லிட்டரின் மொத்த ஆற்றலையும் டீசலின் ஆண்டுச் செலவோடு வைத்துப் பார்த்தால் இருபதில் ஒரு பங்கை ஒட்டித்தான் வருகிறது.

எத்தனாலில் உலகத்துக்கே முன்னோடியான பிரேசிலைப் பார்க்கலாம். 1975 முதல் கரும்பு எத்தனாலில் கார் ஓட்டும் நாடு அது. அடுத்த ஆண்டே கார்களுக்கு டீசலைத் தடை செய்தது. அங்கேயும் லாரி டீசலில்தான் ஓடுகிறது. அந்த டீசலில் அவர்கள் கலப்பது சாராயம் இல்லை, சோயா எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல். 2025 ஆகஸ்டிலிருந்து 15 சதவீதம்.

கடலை எண்ணெயில் ஓடியது

1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரம் வேர்க்கடலை எண்ணெயில் ஓடிக்காட்டியது. ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் கடலையால் இயந்திரம் ஓடுமா என்று பிரெஞ்சு அரசு அறிய விரும்பியதே காரணம். ருடால்ஃப் டீசலின் இயந்திரம் பிறந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தாவர எண்ணெய்க்குத் தன்பற்று எண் போதுமான அளவு உண்டு. அதன் குறை பிசுபிசுப்பு: டீசலைப்போல் பத்து மடங்கு. இன்றைய நுண்ணிய பீச்சு குழல்களில் அப்படியே ஊற்றினால் தூறலாக விழாது. கரி படிந்து அடைத்துக்கொள்ளும். எண்ணெயோடு மெத்தனாலைச் சேர்த்து வினைபுரிய வைத்தால் கிளிசரின் பிரிந்து, மெலிந்த பயோடீசல் கிடைக்கும். இதில் வேதியியல் சிக்கல் எதுவும் இல்லை.

சிக்கல் விலையில் இருக்கிறது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் லிட்டர் என்ன விலை, டீசல் என்ன விலை என்று வீட்டில் கேட்டாலே தெரியும். சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு அதை லாரிக்கு ஊற்ற முடியாது. உண்ணாத எண்ணெயாகப் பார்த்து 2000களில் காட்டாமணக்கைத் தூக்கிப்பிடித்தார்கள். தமிழ்நாட்டிலும் தரிசுகளில் நடப்பட்டது. வறண்ட நிலத்திலும் வளரும் என்பது உண்மைதான். வறண்ட நிலத்தில் காய்க்கும் என்று யாரும் உறுதி செய்துகொள்ளவில்லை. நட்டவர்கள் கைசுட்டுக்கொண்டார்கள். 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் என்று இலக்கு வைத்தது. இன்றும் ஒரு சதவீதத்தை எட்டவில்லை. பஜ்ஜிக் கடைகளிலும் ஓட்டல்களிலும் பயன்படுத்தித் தீர்ந்த எண்ணெயைத் திரட்டும் திட்டம் மட்டும் உருப்படியான யோசனை. அந்த எண்ணெய் மறுபடி வாணலிக்குப் போகாமல் தடுப்பதே அதன் முதல் பயன், டீசல் இரண்டாவது.

ஆண்டிமடத்துப் பாறையும் டேங்கர் லாரியும்

அரியலூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. காவிரிப் படுகையின் எண்ணெய்க்கு மூலமாகக் கருதப்படும் பாறை அடுக்குகளில் ஒன்றுக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர் ‘ஆண்டிமடம் அடுக்கு’. அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடம்தான் அது. டைனோசர் காலமான கிரெட்டேசியசில் படிந்தது. அதே காலத்தின் பிற்பகுதியில் கடல் உள்ளே வந்து விட்டுச்சென்ற ஓடுகளும் சிப்பிகளும்தான் இன்று லாரி லாரியாக வெட்டி எடுக்கப்படும் சுண்ணாம்புக்கல். கல்லையும் எண்ணெயையும் இந்த மண்ணுக்குத் தந்தது ஒரே நெடுங்காலம்.

எண்ணெய் எடுக்கும் தொழிலே லாரியின் மேல்தான் நிற்கிறது. துரப்பணக் கோபுரம் துண்டுதுண்டாகக் கழற்றப்பட்டு டிரெய்லர்களில் வரும். சேறு, சிமெண்ட், குழாய் எல்லாம் லாரியில். மின்கம்பி எட்டாத இடத்தில் துளையிடும் இயந்திரத்தைச் சுழற்றுவது டீசல் ஜெனரேட்டர். குழாய் இணைப்பு இல்லாத சிறு கிணறுகளின் கச்சா எண்ணெய் டேங்கர் லாரிகளில் சேகரிப்பு நிலையத்துக்குப் போகும். எண்ணெய் எடுக்க எண்ணெய் செலவு. முதலாகப் போட்ட ஆற்றலுக்கு எத்தனை மடங்கு ஆற்றல் திரும்பி வருகிறது என்பதை ‘ஆற்றல் ஈட்டு விகிதம்’ என்று சொல்லலாம். எண்ணெய் எளிதில் பொங்கிய காலத்தில் இது மிகப் பெரிதாக இருந்தது. கிணறுகள் ஆழமாகவும் சிறிதாகவும் ஆக ஆகச் சுருங்குகிறது. அமெரிக்காவின் ஷேல் பாறை எண்ணெய் வயல்களில் ஒரே கிணற்றுக்கு நூற்றுக்கணக்கான லாரி நடைகள் தேவைப்படுகின்றன. அங்கே துளையிடும் இயந்திரங்களில் சிலவற்றில் கிணற்றிலிருந்து வரும் வாயுவையே டீசலோடு சேர்த்து எரித்துச் செலவைக் குறைக்கிறார்கள்.

2021இல் அரியலூர் மாவட்டத்தில் 10 ஆய்வுக் கிணறுகள் தோண்ட ஓஎன்ஜிசி விண்ணப்பித்தது. மாநில அரசு நிராகரித்தது. புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்க 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தின் பட்டியலில் அரியலூர் இடம்பெறவில்லை என்பதால், இந்தக் கேள்வி மீண்டும் எழாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

குளிரூட்டிய வாயு

இப்போது லாரி முதலாளிகள் காதில் அடிக்கடி விழும் பெயர் எல்என்ஜி. இயற்கை வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி, பருமன் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். பெரிய பிளாஸ்க் போன்ற டேங்கில் அடைத்து நெடுந்தூரம் ஓடலாம். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019இல் இதற்கான முனையம் தொடங்கியது. 2020 நவம்பரில் நாட்டின் தங்க நாற்கர நெடுஞ்சாலைகளில் 50 எல்என்ஜி நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டினார்கள். புகை குறைவு, சத்தம் குறைவு.

வாயுவுக்கும் அவசரக் குணம் இல்லாததால் இந்த லாரிகளில் தீப்பொறி பிளக் திரும்பி வந்துவிட்டது. ஆனால் இந்தியா பயன்படுத்தும் இயற்கை வாயுவில் ஏறத்தாழப் பாதி இறக்குமதி. எண்ணெய்க் கப்பலுக்குப் பதில் வாயுக் கப்பல். இதைச் சுயசார்பு என்று சொல்வதற்கில்லை.

அறுபது மூட்டை எடையுள்ள பேட்டரி

மின்சார லாரிக்கு மீண்டும் அதே சென்னை நடையைப் போட்டுப் பார்ப்போம். டீசல் இயந்திரம் எரிபொருளின் ஆற்றலில் நாற்பது சதவீதத்தைத்தான் சக்கரத்துக்கு அனுப்பும்; மீதி சூடாகப் போய்விடும். மின் மோட்டார் 85 சதவீதத்துக்கு மேல் அனுப்பும். அதனால் அந்த லாரிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 1.2 யூனிட் மின்சாரம் போதும். 300 கி.மீ.க்கு 360 யூனிட். 2025இல் தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைத்தது 100 யூனிட். அந்தக் கணக்கில் இந்த ஒரு வழிப் பயணத்துக்கு மூன்று வீட்டுப் பங்குக்கு மேல் ஆகும். விலையில் இது டீசலைவிட மலிவு.

எடைதான் பிரச்சினை. கையிருப்பும் சேர்த்து 450 யூனிட் பேட்டரி வைத்தால் அது ஏறத்தாழ 3 டன். சிமெண்ட் கணக்கில் 60 மூட்டை. ஐநூறில் அறுபது மூட்டை வாடகை போனால் லாரிக்காரர் சும்மா இருப்பாரா? அதே தூரத்துக்கு வேண்டிய 75 லிட்டர் டீசலின் எடை 62 கிலோ, ஒரு மூட்டையைவிடச் சற்றே கூடுதல். இயந்திரமும் கியர் பெட்டியும் டேங்கும் இல்லாததால் கொஞ்சம் எடை திரும்பக் கிடைக்கும் என்றாலும் இழப்பு இழப்புதான். விலையும் டீசல் லாரியைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் ஒரு மின் லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் மானியம் என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள். நாடு முழுவதற்கும் ஐயாயிரத்துச் சொச்சம் லாரிகளுக்கு.

இதே லாரியைச் சென்னைக்கு அனுப்பாமல் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அனுப்பினால் கணக்கு தலைகீழாகிறது. சுரங்கத்திலிருந்து ஆலைக்குப் பத்து கி.மீ. போய்த் திரும்ப 30 யூனிட்டுக்குள் அடங்கும். பேட்டரி பாதி போதும். ஒரே பாதை, ஒரே டிரைவர்கள், லோடு இறக்கும் நேரத்தில் ஆலை வாசலிலேயே சார்ஜ். ஒடிசாவில் டால்மியா சிமெண்ட் இதுபோல மின் லாரிகளை ஏற்கெனவே ஓட்டிவருகிறது.

சுவிட்சர்லாந்தில் பியல் நகரத்துப் பக்கம் ஒரு சிமெண்ட் கல் சுரங்கத்தில் மின்சார டம்பர் ஒன்று ஓடுகிறது. 65 டன் கல்லோடு மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கே பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றிவிடும்; காலியாக ஏறும்போது அதைச் செலவழிக்கும். பெரும்பாலும் தன் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் வண்டி என்று உலகம் முழுக்கப் படம் போட்டார்கள். அரியலூரில் அது நடக்காது. இங்கே கல் மலையில் இல்லை, பள்ளத்தில். லோடோடு ஏற வேண்டும், காலியாக இறங்க வேண்டும். வண்டியும் கல்லுமாக 37 டன், 40 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேற 4 யூனிட் செலவாகும். 12 டன் வெற்று வண்டி இறங்கும்போது திரும்பக் கிடைப்பது ஒன்றேகால் யூனிட்டுக்கு மேல் போகாது. அதிசயம் இல்லை. ஆனாலும் லாபம் உண்டு. கல் லாரிகளின் புகையையும் சத்தத்தையும் சகித்துக்கொண்டிருக்கும் சாலையோர ஊர்களுக்கு அது கூடுதல் லாபம். புழுதியும் விபத்தும் மட்டும் அப்படியே இருக்கும்.

ஆக, இப்பகுதியில் டீசலை முதலில் விடப்போவது சுரங்க டிப்பர். ஆலையிலிருந்து சென்னைக்கும் கேரளத்துக்கும் போகும் நெடுந்தூர லாரி கடைசியில்தான் மாறும். அதுவும் பேட்டரி மெலிந்து, வழியில் சார்ஜ் நிலையங்கள் வந்தால். எறையூர்க் கரும்பு பைக்குக்கும் காருக்கும் உதவலாம். கனரக லாரிக்கு அது தீர்வாகப் போவதில்லை.

லாரிகள் மாறினால் எண்ணெய்த் தேவை குறையுமா என்பதற்குச் சீனாவில் விடை கிடைத்துவிட்டது. எல்என்ஜி லாரிகளும் மின் லாரிகளும் பெருகியதோடு கட்டுமானத் தொழிலும் மந்தமாகி, 2024இல் அந்நாட்டின் டீசல் செலவு இறங்கியது. இந்தியாவில் 2023–24இல் 8.97 கோடி டன்னாக இருந்த டீசல் செலவு, 2024–25இல் 9.14 கோடி டன்னாக ஏறியிருக்கிறது.